கைவேலை வெள்ளிக் கல் நகைக்கு எதற்காக இவ்வளவு கூலி?

உங்கள் கேள்வி இது: மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்காக நாகர்கோவில் வடசேரியில் ஒரு பட்டறையில் நெற்றிச்சுட்டிக்கும் அட்டிகைக்கும் விலை கேட்டீர்கள், வெள்ளியின் விலையைக் காட்டிலும் கூலி கூடுதலாக இருந்தது, கல்லும் இயற்கைக் கல் இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், அதே தோற்றத்தில் இணையத்தில் கால் பங்கு விலைக்குக் கிடைக்கிறது, அப்படியிருக்கப் பட்டறையில் எதற்காக வாங்க வேண்டும்?

பதிலுக்கு முன்னால் என் பக்கத்தைச் சொல்லிவிடுவது நியாயம். என் அப்பா வடசேரியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கல் பதித்தவர். நான் அந்தத் தொழிலுக்குப் போகவில்லை. களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். ஆகவே நான் சொல்வதில் பாசம் கலந்திருக்கலாம். ஆனால் பள்ளி விடுமுறைகளில் பட்டறைக் கணக்கை எழுதியவன் என்பதால் எந்தக் காசு எங்கே போகிறது என்பதும் எனக்குத் தெரியும்.

முதலில் நீங்கள் விலை கேட்ட பொருள் என்ன என்பதைப் பார்ப்போம். தங்கத்தில் மாணிக்கமும் மரகதமும் பதித்துச் சாமிக்குச் செய்த நகைகளின் சாயலில், நடனமாடுவோர் அணிவதற்காக வெள்ளியில் செய்யப்படுவதே இன்று கோயில் நகை என்று பரவலாக அறியப்படுகிறது. 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர், திரு-கொச்சி என்று கேரளப் பக்கத்தோடு சேர்ந்தே இருந்ததால், பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இன்றும் மலையாளம் பேசுகிறவர்கள். பரதத்துக்குத் தலைசாமான் என்ற தலை அணிகள் கேட்டு ஒருவர் வந்தால், கேரள நகைகளான பாலக்கா மாலையும் நாகபடத் தாலியும் கேட்டு இன்னொருவர் திருவனந்தபுரத்திலிருந்து வந்து நிற்பார். நாகர்கோவில் கோயில் நகை என்ற பெயருக்கு 2007-08இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் குறியீட்டைக் காட்டி விலையை நியாயப்படுத்த நான் வரவில்லை. அது பெயருக்கு உரிய காப்பு மட்டுமே, உங்கள் கையில் இருக்கும் ஒரு நகையின் தரத்துக்கு உறுதிச் சீட்டு ஆகாது.

இனி வேலை. வெள்ளித் தகட்டை வெட்டி, அடித்தட்டு ஒன்றைச் செய்து, அதன்மேல் அன்னம், மாங்காய், தாமரை என்று வேண்டிய உருவத்துக்கு மெல்லிய வெள்ளி நாடாக்களைச் சுவர் போல நிறுத்திப் பற்றவைப்பார்கள். இதைக் கூடு என்போம். வெள்ளி உருகுவது ஏறத்தாழ 962 டிகிரி செல்சியசில். இணைப்புகளை ஒட்டவைக்கும் உலோகக் கலவையான பற்றாசு அதற்குக் கீழே உருகும். அந்த இடைவெளிக்குள், பற்றாசு சீராக ஓட உதவும் வெங்காரம் என்ற உப்பைத் தடவிய இடத்தில் மட்டும் தீ விழும்படி ஊதுகுழலை வாயில் வைத்து ஊதியே தலைமுறைகளாக வேலை நடந்தது; இப்போது எரிவாயு விளக்கு வந்துவிட்டது. ஒரு நெற்றிச்சுட்டிப் பதக்கத்தில் இருபது, முப்பது இணைப்புகள் வரும். கடைசி இணைப்பைப் பற்றவைக்கும்போது முதல் இணைப்பு இளகிவிடக் கூடாது என்பதற்காக, முதலில் கடினமான பற்றாசையும் போகப்போக எளிதில் உருகுவதையும் பயன்படுத்துவார்கள். இந்தக் கட்டத்தில் கை தவறினால் அதுவரை செய்த கூடு முழுவதும் ஒரு வெள்ளிக் குமிழாகச் சுருண்டுவிடும்.

கூடு முடிந்த பிறகு அது கல் பதிப்பவரிடம் வரும். அரக்கோடு செங்கல் தூளைச் சேர்த்து இளக்கிக் கூட்டுக்குள் நிரப்புவார்கள். கல்லுக்கு அடியில் ரேக்கு என்ற பளபளப்பான மெல்லிய உலோகத் தாள் ஒன்றை வைப்பார்கள். கல்லின் பின்பக்கம் மூடியே இருப்பதால் உள்ளே போன வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப அது வேண்டும். பிறகு ஒவ்வொரு கல்லாக அரக்கில் அமர்த்த வேண்டும். பத்து வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தபோது அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "அரக்கு வெரல்ல ஒட்டுனா இன்னும் ஆறல மக்கா. நகத்தால தட்டுனா சத்தம் வந்துதுன்னா ஆறிப் போச்சு. ரெண்டுக்கும் நடுவுல உள்ள நேரத்துலதான் கல்ல வைக்கணும்." அந்த நேரம் மழைக்காலத்தில் ஒரு அளவு, பங்குனி வெயிலில் வேறு அளவு. நான் கணக்கு எழுதியவற்றுள் ஓர் அட்டிகையில் மட்டும் 164 கல்.

கல் அமர்ந்தபின் அதற்கும் வெள்ளிச் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கில் தங்க ரேக்கைத் திணித்து, மழுங்கிய எஃகு முனையால் அழுத்தி அழுத்தித் தேய்ப்பார்கள். இங்கேதான் வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு நுட்பம் இருக்கிறது. கலப்பில்லாத தங்கத்தை அழுத்தினால், சூடே இல்லாமல், அது தன்மேல் தானே பற்றிக்கொள்ளும். ரேக்கின்மேல் ரேக்கு வைத்துத் தேய்க்கத் தேய்க்க ஒரே உலோகமாக இறுகிக் கல்லைச் சுற்றி விளிம்பு கட்டிவிடும். செம்பு கலந்த 22 காரட் தங்கம் இப்படிப் பற்றாது. அதனால்தான் எடை மிகக் குறைவாக இருந்தாலும் 24 காரட் ரேக்கே வேண்டியிருக்கிறது. ராஜஸ்தானத்துக் குந்தன் வேலையிலும் இதே முறைதான்.

கல்லைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும். இன்று நடன நகைகளில் வரும் சிவப்புக் கெம்பு பெரும்பாலும் கண்ணாடி அல்லது செயற்கைக் கல். செயற்கை என்றால் போலி என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. பிரான்சைச் சேர்ந்த ஒகுஸ்த் வெர்னூய் என்ற வேதியியலாளர் தீச்சுடரில் அலுமினிய ஆக்சைடை உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902இல் அறிவித்தார், அந்தக் கல்லின் உட்பொருளும் கடினமும் சுரங்க மாணிக்கத்துடையவையே. கற்களின் கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் இரண்டும் 9; கண்ணாடி ஐந்தரையை ஒட்டி நிற்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் தீச்சுடரில் வளர்ந்த கல்லுக்குள் வளைந்த கோடுகள் தெரியும். இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராக இருக்கும். இப்படிப்பட்ட செயற்கைக் கற்களைப் பட்டை தீட்டுவது திருச்சிப் பகுதியில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்த தொழில். எங்கள் பக்கத்தில் இயற்கைக் கல்லே இல்லையா என்றால், இருக்கிறது: நெடுமங்காடு, நெய்யாற்றின்கரை வட்டாரத்துப் பாறைகளில் வைடூரியம் கிடைக்கும். எங்கள் கடற்கரை மணலில் சிவப்பாகத் தெரிவதும் கார்னெட் என்ற கல்தான். ஆனால் அது பொடி மணல், தேய்ப்புத் தாளுக்கு ஆகுமே தவிர மூக்குத்திக்கு ஆகாது. உங்கள் நகைக்கு இயற்கை மாணிக்கம் போட வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள். மேடை விளக்கில் அடியிலுள்ள ரேக்கு செய்கிற வேலையை விலையுயர்ந்த கல்லால் செய்ய முடியாது.

ஆக, கல்லின் விலை சொற்பம், வெள்ளியின் விலை ஊரறிந்தது, மிச்சமெல்லாம் கூலி. அந்தக் கூலிக்கு எதை வாங்குகிறீர்கள் என்பதே உங்கள் கேள்வி. அழகை என்று நான் சொல்லமாட்டேன். இப்போது வரும் அச்சு நகைகளும் அழகாகத்தான் இருக்கின்றன; ரப்பர் அச்சில் மெழுகை வார்த்து, அதிலிருந்து உலோகம் வார்த்து, கல்லைப் பசையால் ஒட்டி முலாம் பூசியதை நான்கடி தள்ளி நின்று பார்த்தால் எனக்கே வேறுபாடு தெரியாது. வேறுபாடு நகை பழுதாகும் நாளில் தெரியும்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது இது. அக்காவின் அரங்கேற்றத்துக்கு அப்பா செய்துகொடுத்த அட்டிகை சில ஆண்டுகளில் மங்கிப்போனது. அப்பா வெளியூர் போயிருந்த நேரத்தில், மறுநாள் நிகழ்ச்சி என்ற அவசரத்தில், நகரத்தில் ஒரு கடையில் மெருகேற்றக் கொடுத்தோம். அவர்கள் அதை மற்ற வெள்ளி நகைகளோடு சேர்த்துச் சூடான நீரில் போட்டுவிட்டார்கள். அரக்கு 70 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கிவிடும். நகை திரும்பி வந்தபோது பாதிக் கற்கள் ஒரு காகிதப் பொட்டலத்திலும் கூடு தனியாகவும் இருந்தன. அக்கா அழுதாள். இரண்டு நாள் கழித்து வந்த அப்பா கோபப்படவே இல்லை. கூட்டைத் திருப்பிப் பார்த்து, மிச்ச அரக்கையும் இளக்கி எடுத்து, பிழைத்த ரேக்கைச் சுரண்டி ஒரு தாளில் சேர்த்துவைத்து, புது அரக்கு நிரப்பி, அதே கற்களைத் திரும்பப் பதித்தார். புதிதாகச் செலவானது அரக்கும் கொஞ்சம் தங்கமும் அவருடைய நான்கு நாள்களும்தான். அந்த அட்டிகையை இன்று அக்காவின் மகள் போட்டு ஆடுகிறாள். கழுத்தளவு போதாமல் இரண்டு துண்டு கூட்டியிருக்கிறோம். பசையில் ஒட்டிய அச்சு நகையில் முலாம் தேய்ந்து அடியிலுள்ள பித்தளை வெளிவந்துவிட்டால், அதைப் பிரித்துத் திரும்பச் செய்து தரும் ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. நீங்கள் கொடுக்கும் கூலி, பிரித்து மறுபடியும் கட்டக்கூடியபடி ஒரு பொருளைச் செய்ததற்கான கூலி. உங்கள் மகள் இரண்டு மேடைகளோடு நிறுத்திவிடுவாள் என்று தோன்றினால் இணையத்தில் வாங்குங்கள். அதில் தவறே இல்லை.

பட்டறையில்தான் வாங்குவது என்றால், ஏமாறாமல் வாங்க வேண்டும். அரக்கும் கல்லும் சேர்ந்த நகையை அப்படியே தராசில் வைத்து மொத்த எடைக்கும் வெள்ளி விலை போடுகிறவர்கள் உண்டு. இதை எங்கள் தெருக்காரர்கள் படித்தால் என்மீது கோபம் வரலாம், ஆனாலும் சொல்கிறேன். அரக்கு நிரப்பும் முன் வெறுங்கூட்டின் எடையைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். நேர்மையான ஆசாரி தயங்கமாட்டார், முடிந்தால் அந்த நிலையில் கூட்டை நேரில் போய்ப் பாருங்கள். வெள்ளியின் தூய்மையைக் கருவியில் சோதிக்கக் கொடுத்தால் பின்பக்கத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். எக்ஸ் கதிர்க் கருவி மேற்பரப்பின் மெல்லிய அடுக்கை மட்டுமே படிக்கும் என்பதால் முன்பக்கத்தில் தங்க ரேக்கு அதைக் குழப்பிவிடும். தங்க நகைக்கு 2021 ஜூன் முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமானதுபோல வெள்ளிக்கு ஆகவில்லை. ஆகையால் ரசீதில் 925 என்றோ வேறு அளவு என்றோ எழுதி வாங்குவது உங்கள் பொறுப்பு. 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மிக மென்மையானது, சுவர் நிற்காது. நகையின் பின்புறத்தையும் விரலால் தடவிப் பாருங்கள்: கைவேலையில் தகட்டின் தடமும் அரத்தின் கீறலும் எங்காவது இருக்கும், இரண்டு அன்னங்களின் கழுத்து ஒரே வளைவில் இருக்காது. அச்சில் எல்லா அன்னமும் இரட்டைப் பிள்ளைகள்.

பேரம் பேசலாமா என்று கேட்கத் தோன்றும். பேசலாம், ஆனால் யாருடைய பங்கிலிருந்து குறைகிறது என்று தெரிந்து பேசுங்கள். கூடு கட்டுபவர் ஒருவர், கல் பதிப்பவர் ஒருவர், மெருகு போடுபவர் ஒருவர், வீட்டிலிருந்தபடி முத்துக் கோத்துக் கொடுக்கும் பெண்கள் என்று நீங்கள் கொடுக்கும் கூலி பல கைகளுக்குப் பிரிகிறது. அப்பாவுக்குக் கல் எண்ணிக்கையில்தான் கூலி; உடைந்த கல் அவர் கணக்கில். விலையைக் குறைக்க வேண்டுமானால் கல்லைக் குறைத்து வடிவத்தை எளிமையாக்கச் சொல்லுங்கள். அதே வடிவத்தைக் குறைந்த விலைக்குக் கேட்டால் ரேக்கின் அடுக்கு குறையும், உங்களுக்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான் தெரியும்.

வாங்கிய பிறகு மூன்று பகைகள்: சூடு, வாசனைத் திரவியம், பற்பசை. அரக்கு சாராயத்தில் கரையும். நகை அணிந்தபின் கழுத்தில் ஸ்ப்ரே அடித்தால் அதிலுள்ள ஆல்கஹால் இடுக்கு வழியாக இறங்கிக் கல்லை ஆட்டிவிடும். பற்பசை ரேக்கைத் தேய்த்தெடுத்துவிடும். பின்பக்க வெள்ளி கறுப்பதற்குக் காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் காரணம். பூந்திக்கொட்டை ஊறிய நீரில் மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தால் மேலழுக்குப் போய்விடும், ஊறவைக்க மட்டும் கூடாது. ஆடி முடித்ததும் வியர்வையைத் துடைத்து, காற்றாட வைத்து, மல் துணியில் சுற்றி வையுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது மகளையும் அழைத்துப் போங்கள். நெற்றிச்சுட்டிக்கு வகிட்டின் நீளத்தையும் நெற்றியின் வளைவையும் நூல் வைத்து அளப்பார்கள், புகைப்படத்தைப் பார்த்துச் செய்ய முடியாது. அரங்கேற்றத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. கார்த்திகை, மார்கழியில் அவர்களுக்கு நிமிர நேரமிருக்காது.