தடுப்புப் பணியாளர்களின் பயிற்சிக்கு அரசு ஏன் பணம் தர வேண்டும்?

கேள்வி: போதைப் பழக்கம் வராமல் தடுக்க வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி தர அரசு தனியாக நிதி ஒதுக்குவது அவசியமா? அந்தப் பணத்தைப் பள்ளிகளில் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தவே கொடுத்துவிடலாமே?

அவசியம்தான். தடுப்புப் பணியாளர்களுக்குப் பயிற்சி நடத்தும் வேலையில் இருப்பவன் என்பதால், இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நிகழ்ச்சி கண்ணுக்குத் தெரியும், பயிற்சி தெரியாது.

முதலில் அந்த நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். மேடை, மைக், ஒரு டாக்டர், ஒரு போலீஸ் அதிகாரி, போதையிலிருந்து மீண்ட ஒருவரின் கண்ணீர்க் கதை, கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம், பல ஆய்வுகளை அலசி 2013ல் வெளியிட்ட சர்வதேசத் தரநிலைகள் வேறு கதை சொல்கின்றன. வெறும் சொற்பொழிவு, பயமுறுத்திப் பேசுவது, மீண்டவர்களைச் சாட்சி சொல்ல வைப்பது ஆகியவை எல்லாம் பள்ளிகளில் பலன் தராதவை, சில சமயம் எதிர்விளைவையே தரக்கூடியவை என்ற பக்கத்தில்தான் வருகின்றன. 1983ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கி, போலீஸ்காரர்களே வகுப்பெடுத்த ‘டேர்’ திட்டம் அமெரிக்கா முழுக்கப் பரவியது. பிறகு வந்த ஆய்வுகளில், போதைப் பயன்பாட்டை அது நீடித்துக் குறைத்ததாகத் தெரியவில்லை. பணத்துக்கோ ஆர்வத்துக்கோ அங்கே குறைவில்லை.

பயிற்சி என்ன மாற்றத்தைத் தரும் என்று ஒரே ஒரு உதாரணத்தில் காட்டுகிறேன். வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்பான்: “சார், நீங்க குடிச்சிருக்கீங்களா?” இது எங்கேயும் வரும் கேள்வி. பயிற்சி இல்லாதவர் கோபப்படுவார், இல்லை மழுப்புவார், இல்லை தன் கல்லூரிக் காலத்தைச் சொல்ல ஆரம்பிப்பார். கடைசியில் சொன்னது ரொம்ப ஆபத்து. பிள்ளைகளுக்கு அது “குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது” என்றுதான் போய்ச் சேரும். பயிற்சி பெற்றவர் சிரித்துக்கொண்டே, “என் கதை இருக்கட்டும். உங்க வயசுல நூறு பேர்ல எத்தனை பேர் குடிக்கிறாங்கன்னு நினைக்கிறீங்க? பேர் போடாம ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க” என்பார். பிள்ளைகள் பெரும்பாலும் உண்மையைவிட அதிகமாகவே எழுதுவார்கள். அதே பள்ளியில் முன்னமே எடுத்து வைத்த கருத்துக்கணிப்பின் எண்ணைப் பக்கத்தில் எழுதிக் காட்டினால் வகுப்பு அமைதியாகிவிடும். ‘எல்லாரும் செய்யறாங்க’ என்ற நினைப்பு அங்கேதான் ஆட்டம் காணும். பார்க்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் யார் என்ன எழுதினார்கள் என்று வெளியே தெரியக்கூடாது, கணிப்பு உண்மையாக இருக்க வேண்டும், குடிக்கும் பிள்ளை அவமானப்படக்கூடாது. இதெல்லாம் செய்து பார்த்து, பக்கத்தில் ஒருவர் இருந்து திருத்தினால்தான் கைவரும்.

அந்தத் திருத்தும் ஆள்தான் என் பதிலின் மையம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1985ல் ‘நன்னடத்தை விளையாட்டு’ என்ற முறையை ஒன்றாம் வகுப்புகளில் சோதித்தார்கள். பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, விதி மீறாத குழுவுக்குப் பரிசு. போதை என்ற பேச்சே கிடையாது. அந்தப் பிள்ளைகள் 19 முதல் 21 வயது ஆனபோது விசாரித்தார்கள். ஒன்றாம் வகுப்பிலேயே முரட்டுத்தனமும் அடங்காத குணமுமாக இருந்த பையன்களிடம், விளையாட்டு நடக்காத வகுப்புகளில் இருந்த அதே மாதிரிப் பையன்களைவிட, போதைப்பொருள் சிக்கல் கணிசமாகக் குறைந்திருந்தது. அடுத்த ஆண்டு அதே ஆசிரியர்கள் புதிய பிள்ளைகளிடம் அதே விளையாட்டை நடத்தினார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்த வழிகாட்டலும் கண்காணிப்பும் குறைந்துவிட்டன. பலனும் குறைந்தது. அதே ஆசிரியர், அதே முறை! ஒரு முறை கற்றுக்கொடுத்தாயிற்றே, போதாதா என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

சரி, அரசுதான் தர வேண்டுமா? தனியார் நன்கொடையாளர்கள் நிகழ்ச்சிக்குத் தருவார்கள், கட்டடத்துக்கும் தருவார்கள். ஒரு பணியாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவரின் சம்பளத்துக்குத் தருபவர்கள் அபூர்வம். பலனோ பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து, மருத்துவச் செலவும் சிறைச் செலவும் குறைவதில் தெரிகிறது. அந்த மிச்சத்தில் பெரும்பகுதி அரசின் கணக்கில்தான் சேரும், அதனால் முதலும் அங்கிருந்தே வருவதுதான் நியாயம். அமெரிக்காவில் மாநிலங்களுக்குப் போகும் போதைப் பழக்கத் தடுப்பு, சிகிச்சை மானியத்தில் குறைந்தது 20 சதவீதத்தை ஆரம்பநிலைத் தடுப்புக்கு, அதாவது பழக்கம் தொடங்கும் முன்பே தடுக்கும் வேலைக்கு, செலவிட வேண்டும் என்று விதியே இருக்கிறது. உள்ளூர்க் கூட்டமைப்புகளுக்கான இன்னொரு திட்டத்தில் ஆண்டுக்கு 1,25,000 டாலர் வரை, அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். தொகையைவிட அந்தப் பத்து ஆண்டு என்ற எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏனென்றால் இந்த வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம்தான். பணம் தாமதமாக வரும், ஆண்டு முடிவதற்குள் கணக்கு முடிக்க வேண்டும், அதனால் கடைசி மாதத்தில் ஒரு பெரிய மண்டபத்தில் ஒருநாள் முகாம், பை, நோட்டு, சான்றிதழ். அப்புறம் ஒப்பந்தம் முடிந்து அந்தப் பணியாளர் வேறு வேலைக்குப் போய்விடுவார். அடுத்த ஆண்டு புது ஆட்களோடு மறுபடியும் முதல் பாடம். நல்ல கைத்திறன் வந்த பெண் ஒருவர், சம்பளம் வராமல் கணக்கெழுதும் வேலைக்குப் போனதை நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை.

நீங்கள் இந்தத் துறையில் நிதி கேட்கும் இடத்திலோ கொடுக்கும் இடத்திலோ இருந்தால், எத்தனை பேருக்குப் பயிற்சி என்ற கட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். பயிற்சிக்குப் பிறகு களத்துக்குப் போய் அவர்கள் வேலையைப் பார்த்துத் திருத்துபவருக்கு ஊதியம் அதில் எழுதியிருக்கிறதா, பயிற்சி பெற்றவரின் வேலை குறைந்தது மூன்று ஆண்டாவது நிலைக்குமா என்று பாருங்கள். இல்லை என்றால் முகாம்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, அந்தப் பணத்தை இந்த இரண்டுக்கும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.