சொந்த ரத்தத்தையே திரும்ப ஏற்றிக்கொண்டால் ஓட்டத் திறன் உண்மையிலேயே கூடுமா? சொந்த ரத்தம்தானே, அதில் என்ன தவறு?

கூடும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நெடுந்தூரம் ஓடுகிறவள் நான். சில வருடங்களுக்கு முன் இரும்புச்சத்துக் குறைந்து, ரத்தச் சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின் 9-க்கு இறங்கிவிட்டது. அன்றாடம் ஓடும் தூரத்தில் பாதியைக்கூடத் தாண்ட முடியாமல் மூச்சிரைக்க நின்றிருக்கிறேன். மாத்திரை எடுத்து அளவு 12-ஐத் தாண்டியதும் பழைய வேகம் தானாகத் திரும்பியது. பயிற்சியில் எதையுமே மாற்றவில்லை. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். அது தசைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறதோ அவ்வளவுதான் ஓட்டம் என்பதை அப்போது உடம்பால் உணர்ந்தேன்.

எனக்கு நடந்தது வைத்தியம். ரத்த டோப்பிங் என்பது நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றுவது. ரத்தத்தை எடுத்துக் குளிர்பதனத்தில் வைத்து, சில வாரங்களில் உடம்பு இழந்ததை ஈடுசெய்த பிறகு, போட்டிக்கு முன் ஏற்றிக்கொள்வார்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க சைக்கிள் அணியில் சிலர் ரத்தம் ஏற்றிக்கொண்டுதான் ஓட்டினார்கள். அன்று அதற்குத் தடை இல்லை, பிறகுதான் வந்தது. சிவப்பணு உற்பத்தியைத் தூண்ட சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொயட்டின் மருந்தாகக் கிடைக்கத் தொடங்கியதும் ரத்தப் பைகூடத் தேவைப்படவில்லை. அதைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒலிம்பிக்குக்கு வந்ததே 2000-ல், சிட்னியில்.

சொந்த ரத்தம்தானே என்று கேட்கிறீர்கள். சிவப்பணு கூடக்கூட ரத்தம் கெட்டியாகும். வியர்த்து நீர் வற்றும்போது இன்னும் கெட்டியாகும். அது உறைந்து கட்டியாகி மூளைக்கோ இதயத்துக்கோ போனால் உயிருக்கே ஆபத்து. யாருடைய ரத்தம் என்பதால் இது மாறாது.

ஃபின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மன்டிரன்டாவுக்குப் பிறவியிலேயே மரபணு மாற்றத்தால் சிவப்பணு அதிகம். 1964 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றார். அவரைக் காட்டி நியாயம் பேசுகிறவர்கள் உண்டு. நான் ஏற்கமாட்டேன். நீண்ட கால்களோடு பிறப்பதுபோல அவருக்கு அது வாய்த்தது. பையிலிருந்து ஏற்றிக்கொள்கிறவர், பக்கத்தில் நேர்மையாக ஓடுகிறவரின் பல வருட உழைப்பைத் திருடுகிறார். இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்று: வெளியிலிருந்து ரத்தம் வந்ததும், போதும் என்று எலும்பு மஜ்ஜை புது அணுக்கள் உண்டாக்குவதைக் குறைத்துக்கொள்ளும். ஹீமோகுளோபின் உயர்ந்திருக்க, இளம் சிவப்பணுக்கள் மட்டும் வழக்கத்தைவிடக் குறைவாக இருக்கும். ஒரு வீரரின் ரத்த அளவுகளை வருடக்கணக்கில் பதிந்து ஒப்பிடும் உயிரியல் பாஸ்போர்ட் முறை 2009 முதல் இந்தப் பொருத்தமின்மையைத்தான் தேடுகிறது.