சிலிண்டர் ஏன் திரும்பிப் போனது?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற அப்பா இரண்டு வருடங்களுக்கு முன் தவறிவிட்டார். குடும்ப ஓய்வூதியம் வருகிறது. நான் சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். அக்காவை விழுப்புரத்தில் கொடுத்திருக்கிறோம். அம்மாவுக்கு போனில் பேசுவதைத் தவிர எதுவும் வராது. யாராவது ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் வங்கி, கேஸ், கரண்ட் பில் எல்லாவற்றுக்கும் என் நம்பரையே கொடுத்திருக்கிறேன். போன மாதம்கூட நான் மீட்டிங்கில் இருந்ததால் ஓ.டி.பி. சொல்ல முடியாமல் சிலிண்டர் திரும்பிப் போய்விட்டது. மளிகை, மீன், மருந்து எல்லாவற்றையும் இங்கிருந்தே ஆப்பில் போட்டுவிடலாம், கூடத்தில் ஒரு கேமரா மாட்டலாம், முதியோரைக் கவனித்துக்கொள்ளும் நிறுவனத்தில் மாதச் சந்தா கட்டலாம் என்று யோசிக்கிறேன். அம்மாவைக் கேட்டால் "உன் இஷ்டம்ப்பா" என்கிறார். எதற்குச் செலவு செய்வது நல்லது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: தம்பி, ஆப், கேமரா, சந்தா எல்லாவற்றையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். சிலிண்டர் திரும்பிப் போனதாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு ஒன்றும் வராது என்பதற்கு அத்தாட்சியாக அதைச் சொல்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்திய வரி அதுதான்.

அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தீர்களா? சிலிண்டர் போடுபவர் வாசலில் வண்டியை நிறுத்துகிறார். அம்மா காலி சிலிண்டரை நடை வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்து, பணத்தை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். "நம்பர் சொல்லுங்கம்மா" என்கிறார் அவர். அம்மா உங்களைக் கூப்பிடுகிறார். நீங்கள் எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிடுகிறார். "புள்ள மீட்டிங்ல இருப்பான், ஒரு அஞ்சு நிமிஷம் இருப்பா" என்று கேட்டிருப்பார். அவருக்கோ வண்டி நிறைய சிலிண்டர். எவ்வளவு நேரம் நிற்பார்? இறக்கிய சிலிண்டரைத் திரும்பத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எதிர்வீட்டுக்காரர்களும் பார்த்திருப்பார்கள். சொந்த வீட்டு வாசலில், பணம் கையில் இருக்க, உங்கள் அம்மா வெறுங்கையோடு உள்ளே திரும்பியிருக்கிறார்.

இதில் அவருக்கு என்ன வரவில்லை என்று சொல்லுங்கள். பதிவு செய்தவர் வீட்டைத் தவிர வேறு எங்கும் சிலிண்டர் போய்விடக் கூடாது என்பதற்காக 2020 நவம்பரில் கொண்டுவந்த ஏற்பாடு அந்த எண். அடுப்படியில் இருப்பவருடைய போனுக்கு வந்தால் அரை நிமிட வேலை. அதைக் கொண்டுபோய் நாலு மணி நேரப் பயணத் தூரத்தில், ஏ.சி. அறையில் மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பவர் கையில் கொடுத்தது நீங்கள். பழியை மட்டும் அம்மா மேல் போட்டுவிட்டீர்கள்.

பாதுகாப்புக்காகத்தான் செய்தேன் என்கிறீர்கள். சரி, அதையும் பார்ப்போம். "இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று பொய்ச் செய்தி அனுப்பிப் பணம் பறித்த கூட்டத்தைத் தமிழ்நாடே பார்த்திருக்கிறது. அப்படி ஒருவன் உங்கள் அம்மாவைக் கூப்பிடுகிறான். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஏ.டி.எம். கார்டு விவரத்தை வாங்கிவிட்டு, "உங்க பையனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், கேட்டுச் சொல்லுங்கம்மா" என்கிறான். அம்மாவுக்கு அதில் சந்தேகமே வராது. அவருக்குத் தெரிந்த ஓ.டி.பி. எல்லாம் அப்படித்தானே வந்திருக்கிறது? யாரோ அவசரப்படுத்துவார், மகனைக் கேட்டுச் சொல்ல வேண்டும். உங்களைக் கூப்பிடுவார். நீங்கள் மீட்டிங் நடுவில், கேஸ்காரர்தான் என்று நினைத்து, செய்தியில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் ஆறு இலக்கத்தையும் வாசித்துவிடுவீர்கள். அந்த எண் எதற்கு வந்தது, எவ்வளவு தொகைக்கு வந்தது என்று நிதானமாகப் படிக்க வேண்டியவர் கணக்குக்குச் சொந்தக்காரர். அவர் கண்ணிலேயே அது படவில்லை.

இன்னொன்றும் உண்டு. வாடிக்கையாளர் மேலும் தவறில்லை, வங்கி மேலும் தவறில்லை, வெளியாள் புகுந்து பணத்தை எடுத்துவிட்டான் என்றால், வங்கியின் தகவல் கிடைத்து 3 வேலை நாட்களுக்குள் புகார் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் கிடையாது என்று 2017இல் ரிசர்வ் வங்கி விதி போட்டது. நாள் தள்ளிப்போனால் நஷ்டத்தில் நமக்கும் பங்கு வந்துவிடும். இப்போது 3,000 ரூபாய் எடுத்ததாக உங்கள் போனுக்குச் செய்தி வருகிறது. அது அம்மா எடுத்ததா, வேறு எவனாவது எடுத்ததா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆபீஸ் செய்திகளுக்கு நடுவில் அதைப் பார்ப்பீர்களா என்பதே சந்தேகம். "நான் எடுக்கலையே" என்று அந்த நிமிடமே சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

"உன் இஷ்டம்ப்பா" என்று அவர் சொன்னதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பதிலைச் சொல்லும் அம்மாக்களை நிறையப் பார்த்துவிட்டேன். கணவர் கொண்டுவந்து கொடுத்த சம்பளத்தில் பள்ளிக் கட்டணம், பொங்கல் துணி, பெண் கல்யாணத்துக்கு நகைச் சீட்டு என்று எல்லாவற்றையும் மாதக் கடைசி வரை இழுத்துப் பிடித்து நடத்தியவர்கள்தான் அவர்களும். உங்கள் அம்மாவுக்கு இன்று ஓய்வூதியம் ஏறிவிட்டதா என்று தெரிய மகனுக்குப் போன் போட வேண்டியிருக்கிறது. 2,000 ரூபாய் எடுத்தால் மகன் போனில் மணி அடிக்கிறது. நீங்கள் ஒரு வார்த்தை கேட்க மாட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் மகன் பார்ப்பானே என்று, பேரப்பிள்ளைக்கு வளையல் வாங்க நினைத்த கை பின்வாங்கும். தாயைக் காப்பாற்றுவது மகனின் கடமை, அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் கணவர் விட்டுப்போன பணம் அந்தப் பெண்ணின் பணம். அதன் வரவும் செலவும் முதலில் அவர் காதில் விழ வேண்டும். பிள்ளைக்குத் தெரிவிப்பதா வேண்டாமா என்பது அவர் தீர்மானம்.

உங்கள் அக்கா இதுவரை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். நாளைக்கு அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்து, கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்ற பேச்சு எழும்போது, நம்பர் தம்பியுடையது என்பது அவருக்கு ஞாபகம் வரும். அவருக்கு வராவிட்டாலும் அவர் வீட்டில் யாருக்காவது வரும். நீங்கள் ஒரு பைசா தொட்டிருக்க மாட்டீர்கள், நம்புகிறேன். இப்படி ஒரு பேச்சில் தொடங்கி, கூடப் பிறந்தவர்கள் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காமல் போன கதை எனக்கு வரும் கடிதங்களில் கணக்கில்லாமல் இருக்கிறது.

ஆகவே முதல் செலவு, இரண்டு நாள் லீவு. ஞாயிற்றுக்கிழமை வந்து பாடலீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, மீன்குழம்பு சாப்பிட்டு, சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கும் வருகை இதற்கு உதவாது. வங்கியும் கேஸ் ஏஜென்சியும் திறந்திருக்கும் வேலை நாளாக வாருங்கள். மனைவியை அனுப்பி வைக்காதீர்கள், நீங்களே வாருங்கள். அம்மா பெயரில் ஒரு சிம். அவர் இப்போது பேசும் நம்பர் அவர் பெயரிலேயே இருந்தால் அதுவே போதும். அடுத்து, அவருடைய ஆதாரில் எந்த நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் இறந்துபோன கணவரின் நம்பர்தான் இன்னும் இருக்கிறது. 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் அந்த நம்பரை நிறுத்தி, பிறகு வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். முன்பின் தெரியாத ஒருவர் போனுக்கு உங்கள் அம்மாவின் ஆதார் ஓ.டி.பி. போய்க்கொண்டிருக்கும். ஆதார் மையத்தில் அவரையே உட்காரவைத்து மாற்றுங்கள். அப்புறம் வங்கி, கேஸ், ரேஷன் கார்டு, மின் இணைப்பு. கேஸ் இணைப்பு இன்னும் அப்பா பெயரில் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்காருங்கள். போனைத் தமிழில் வையுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள். கரண்ட் பில்லை அவர் விரலாலேயே கட்டச் சொல்லுங்கள். தப்பாக அழுத்துவார், திரும்ப முதலில் இருந்து வருவார். அப்போது "குடும்மா, நான் பண்றேன்" என்று போனைப் பிடுங்கக் கூடாது. இதை ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்கிறேன், பிடுங்கக் கூடாது. உங்களுக்கு 'அ' போடச் சொல்லிக் கொடுத்தவர் சிலேட்டைப் பிடுங்கவில்லை. படிப்படியாக என்ன செய்ய வேண்டும் என்று பழைய டைரியில் அவர் கையெழுத்திலேயே எழுதிவைத்துக்கொள்ளட்டும். பணம் அனுப்பத்தான் பின் நம்பர் வேண்டும், பணம் வாங்க யாருக்கும் அது வேண்டாம் என்பதை முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அதற்குக் கீழே சைபர் மோசடிப் புகாருக்கான 1930.

பயம் போகவில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஓய்வூதியக் கணக்கையும் டெபாசிட்டையும் யூ.பி.ஐ.யில் சேர்க்காதீர்கள். நாலைந்தாயிரம் மட்டும் இருக்கும் ஒரு சின்னக் கணக்கை அம்மா பெயரில் தொடங்கி அதை மட்டும் சேருங்கள். போனால் அவ்வளவோடு போகும். பட்டன் போன்தான் வசதி என்றால் அதிலும் பணம் அனுப்ப 2022இல் இருந்து யூ.பி.ஐ. 123பே இருக்கிறது. அவருக்காக நீங்கள் ஏதாவது கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், 2024இல் வந்த யூ.பி.ஐ. சர்க்கிள் என்ற ஏற்பாட்டில் அம்மா கணக்குக்காரராக இருந்து உங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் நீங்கள் கேட்பீர்கள், அம்மா பார்த்துச் சம்மதம் கொடுப்பார். இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. மகன் தாயிடம் கேட்டுச் செலவு செய்கிறான்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மாதா மாதம் மாறாத பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை ஆப்பில் வாங்குங்கள், தள்ளுபடி கிடைத்தால் லாபம்தான். பெட்டியைப் பிரித்துப் பழைய அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கள். கரண்ட் பில், ரயில் டிக்கெட் இவற்றுக்கெல்லாம் வரிசையில் நிற்கச் சொல்லவே மாட்டேன்.

மீனை மட்டும் விட்டுவிடுங்கள். கடலூரில் இருந்துகொண்டு ஐஸ் பெட்டியில் மீன் வரவழைப்பதா? தேவனாம்பட்டினத்து மீன்காரம்மா திண்ணையில் கூடையை இறக்கி, செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டுவார். உங்கள் அம்மா விரலால் அழுத்திப் பார்த்து, "இது நேத்து மீனு" என்று தள்ளிவிட்டு வேறொன்றை எடுப்பார். பத்து நிமிடம் பேரம் நடக்கும், நடுவில் இரண்டு வீட்டுச் சங்கதியும் பேசி முடிப்பார்கள். கதவு திறக்காத நாளில் பக்கத்து வீட்டில் "அக்கா எங்க?" என்று கேட்கப்போவதும் அந்த மீன்காரம்மாதான். இதை எந்தச் சந்தாவிலும் சேர்த்து விற்பதில்லை.

மளிகையில் பாதிக்குப் பாதி வைத்துக்கொள்ளுங்கள். அரிசி மூட்டை, எண்ணெய் டின் மாதிரி தூக்கச் சிரமமானவை ஆப்பில் வரட்டும். மற்றவை தெருமுனைக் கடையிலேயே இருக்கட்டும், பாக்கி எழுதும் நோட்டோடு. நம் ஊர் புயல் ஊர் என்பதைச் சென்னைக்குப் போனதும் மறந்துவிடுகிறீர்கள். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தபோது எத்தனை நாள் கரண்ட் இல்லாமல், டவர் இல்லாமல் கிடந்தோம்? 2024இல் ஃபெஞ்சல் கரையைக் கடந்து, அதோடு விட்டது என்று மூச்சு விடுவதற்குள் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து ஊருக்குள் ஏறியது. அந்த மாதிரி நாட்களில் டெலிவரி பையன் வர முடியாது, வரச் சொல்வதும் பாவம். முகம் தெரிந்த கடைக்காரர்தான் பாதிக் கதவைத் திறந்து, மெழுகுவத்தியும் பால் பவுடரும் எடுத்துக் கொடுத்து, "அப்புறம் குடுங்கம்மா" என்பார். வருடம் முழுவதும் வாங்கினால்தான் அந்தக் கடை அங்கே இருக்கும்.

கேமராவை வாசலில் மாட்டுங்கள். மணி அடித்தது யார் என்று அவர் உள்ளிருந்தே பார்த்துக்கொள்ளட்டும். கூடத்தில் வேண்டாம். வெயில் காலத்தில் கூடத்துத் தரையில் புடவைத் தலைப்பை விரித்துப் படுப்பவரை, எந்த நேரத்தில் யார் பார்க்கிறார்களோ என்று கூச்சப்பட வைக்காதீர்கள். வழுக்கி விழுந்துவிடுவாரோ என்ற பயம் என்றால், குளியலறையில் கைப்பிடி போட்டுக் கொடுங்கள், தரையை மாற்றிக் கொடுங்கள்.

முதியோர் சேவைச் சந்தாவை நான் அடியோடு மறுக்கவில்லை. நடுராத்திரி நெஞ்சுவலி என்றால் ஓடிவரவும், விடியற்காலையில் ஜிப்மருக்குக் கூட்டிப்போய் வரிசையில் நிற்கவும் ஆள் கிடைத்தால் அது பெரிய உதவி. பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: கடலூரிலேயே அவர்களுக்கு ஆள் இருக்கிறாரா, அல்லது புதுச்சேரியில் இருந்து கிளம்பி வர வேண்டுமா? இரவு 2 மணிக்குக் கூப்பிட்டால் போனை எடுப்பது யார்? வரப்போகும் ஆளை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பி அம்மாவுக்கு அறிமுகம் செய்வார்களா? பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்புமா? பதில்கள் அம்மாவுக்குத் திருப்தியாக இருந்தால் சேருங்கள். படிவத்தில் அவர் கையெழுத்து இருக்கட்டும், நம்பரும் அவருடையதாகவே இருக்கட்டும். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்கள் என்ற இடத்தில் உங்கள் பெயரோடு அக்கா பெயரையும் எழுதுங்கள். விழுப்புரத்தில் இருந்து அவர்தான் உங்களுக்கு முன்னால் வந்து சேருவார்.