குலுக்கல் பரிசு வைத்தால் வியாபாரம் கூடுமா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை நடத்துகிறேன். ஓணம் முதல் கிறிஸ்துமஸ் வரை, 1,000 ரூபாய்க்குத் துணி எடுக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கூப்பன் கொடுத்து, முடிவில் குலுக்கல் முறையில் ஒருவருக்கு ஸ்கூட்டர் பரிசளிக்க எண்ணுகிறேன். எப்படித் திட்டமிடுவது?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கூப்பனை அச்சடிக்கக் கொடுக்கும் முன் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். விற்பனையைப் பெருக்கும் நோக்கில் நடத்தும் போட்டி, லாட்டரி, அதிர்ஷ்ட விளையாட்டு ஆகியவற்றை, விதிகள் விலக்களித்தவை நீங்கலாக, நியாயமற்ற வணிக நடைமுறை என்றே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரையறுக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 297ஆம் பிரிவோ, சீட்டுக் குலுக்கிப் பணமோ பொருளோ தருவதாக அறிவிப்பு வெளியிடுவதற்கே 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டியதும் லாட்டரிக் கடைகளைப் பார்த்துப் பழகிய நம் குமரி மாவட்டத்தாருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அங்கே விற்பது கேரள அரசே நடத்தும் லாட்டரி. பெரிய கடைகள் நடத்துகின்றனவே என்பீர்கள். யாரேனும் ஒருவர் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தால், பக்கத்துக் கடையைக் கைகாட்டித் தப்ப முடியாது.

சட்டத்தை ஒதுக்கி வைத்துக் கணக்கு மட்டும் பார்த்தாலும் இது கட்டுபடியாவதாக எனக்குத் தோன்றவில்லை. ஸ்கூட்டர் 1,00,000 ரூபாய், உங்கள் லாபம் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், போட்ட பணத்தை எடுக்கவே 5,00,000 ரூபாய்க்குக் கூடுதலாக விற்க வேண்டும். பரிசு இல்லாவிட்டாலும் வரக்கூடிய ஓணக் கூட்டத்தை இதில் சேர்க்கக் கூடாது. 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட குலுக்கல் பரிசுக்கு 30 சதவீத வருமான வரி உண்டு, அதைக் கட்டிய பிறகே வண்டியை ஒப்படைக்க வேண்டும். வென்றவரிடம் 30,000 ரூபாய் கேட்டால் அவருக்கு மனம் கசக்கும். நீங்களே கட்டினால் செலவு ஏறும்.

அதே 1,00,000 ரூபாயில் 100 ரூபாய் மதிப்புள்ள 1,000 தேன் பாட்டில்களை வாங்கி, குறிப்பிட்ட தொகைக்குத் துணி எடுக்கும் எல்லோருக்கும் உறுதிப் பரிசாகக் கொடுங்கள். அந்தத் தொகையை நிர்ணயிப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. சென்ற ஆண்டு பில்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவை 1,600 ரூபாயை ஒட்டி இருந்தால் வரம்பை 2,000 என்று வையுங்கள். குழந்தைக்கு இன்னொரு சட்டை எடுத்துவிட்டால் பரிசு கிடைக்கும் என்று வாடிக்கையாளருக்குத் தோன்ற வேண்டும். 3,000 என்று வைத்தால் அவர் முயலவே மாட்டார். பரிசின் விலையைத் துணியின் மேல் ஏற்றிவிட்டு இலவசம் என்று சொல்வதும் அதே நுகர்வோர் சட்டப்படி தவறு. சலுகை முடியும் தேதியையும் ‘இருப்பு உள்ளவரை’ என்பதையும் வாசல் பலகையிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: மிக்ஸியுடன் தோசைக்கல் இலவசமாகக் கொடுத்தால், தோசைக்கல் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, நான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும்படி வரவு வைக்கலாமா?
– வாசகர், தக்கலை

பதில்: தனிப் பரிசாகக் கொடுத்தால் முடியாது. இரண்டையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால் வரவு வைக்கலாம் என்று 2019 மார்ச்சில் வெளியான ஜிஎஸ்டி சுற்றறிக்கை தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே மிக்ஸி, தோசைக்கல் இரண்டின் பெயரும் ஒரே பில்லில் வருமாறு உங்கள் கணக்கரிடம் சொல்லி வையுங்கள்.