வாசகர் கேள்வி: அரிவாள்மனை அலகில் துளை விழவில்லை

கேள்வி: அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் வீரவநல்லூர். ஆக்கர் கடையில் கிடைத்த பழைய பவர் ரம்ப அலகு ஒன்றை, அம்மாவுக்கு அரிவாள்மனை செய்வதற்காகக் கிரைண்டரில் வெட்டி வளைவு கொடுத்து வைத்திருக்கிறேன். பலகையோடு பொருத்துவதற்கு 6 மி.மீ. துளை இரண்டு வேண்டும். வீட்டுக் கை டிரில்லில் மூன்று பிட்டுகளை மாற்றி மாற்றி முழு வேகத்தில் ஓட்டியும், அலகில் பளபளப்பாக ஒரு வட்டம் விழுந்ததே தவிர துளை விழவில்லை. பிட்டுகளின் நுனி மழுங்கி நீலம் பாய்ந்துவிட்டது. அலகை அடுப்பில் பழுக்கக் காய்ச்சினால் இளகிவிடும் என்கிறார் சித்தப்பா. செய்யலாமா?

பதில்: அடுப்பில் வைப்பதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். சித்தப்பா சொல்வது பழைய அரத்துக்கும் லாரி ஸ்பிரிங் பட்டைக்கும் முற்றிலும் சரியான வழிதான். ஆனால் இரும்புப் பட்டறைகளில் ஓடித் தேய்ந்த பவர் ரம்ப அலகுகளில் பல, ஹைஸ்பீடு ஸ்டீல் எனப்படும் வேறு வகை எஃகால் ஆனவை. நீங்கள் வாங்கிய டிரில் பிட்டும் பெரும்பாலும் அதே எஃகுதான். ஒரே கடினம் உள்ள இரண்டில் ஒன்று மற்றொன்றை வெட்டாது. இரண்டும் உரசிச் சூடேறும், மெல்லிய விளிம்பு கொண்ட பிட்தான் முதலில் மழுங்கும். எனவே தவறு உங்கள் கையிலோ மெஷினிலோ இல்லை. வேகத்தைக் கூட்டியது மட்டும் பிட்டுகளின் ஆயுளை இன்னும் குறைத்திருக்கும்.

இந்த எஃகில் டங்ஸ்டனோ மாலிப்டினமோ, அவற்றோடு குரோமியமும் வனேடியமும் கலந்திருக்கும். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில், நுனி செந்நிறமாகக் கனன்றபடியே இரும்பைச் சீவிக்கொண்டிருந்த கடைசல் உளியைக் கண்டு பொறியாளர்கள் வியந்ததற்குக் காரணம் இந்தக் கலவையின் முன்னோடியான டங்ஸ்டன், குரோமியம் கலந்த எஃகுதான். அப்படிப்பட்ட எஃகை முறையாக இளக்க வேண்டுமானால், ஏறத்தாழ 850 டிகிரி செல்சியஸில் சூளைக்குள் வைத்து, மணிக்குப் பத்து இருபது டிகிரி என்ற கணக்கில் மிக மெதுவாக ஆறவிட வேண்டும். வீட்டு அடுப்பில் சிவக்கக் காய்ச்சி எடுத்தால் அது காற்றில் ஆறும்போதே மீண்டும் இறுகிவிடும் என்பதோடு, இருந்த நல்ல பதமும் கெட்டுப்போகக்கூடும்.

ஆகவே முதல் வேலை, அலகு எந்த எஃகு என்று தெரிந்துகொள்வது. பல் இல்லாத முதுகுப் பக்கத்தில் ஒரு புதிய அரத்தை அழுத்தி இழுங்கள். அரம் கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கிச் சென்றால் அந்த இடம் முழுக் கடினம். சற்றேனும் கடித்துத் தூள் உதிர்ந்தால் உங்களுக்கு நல்ல காலம். ஏனென்றால், இக்கால அலகுகள் சிலவற்றில் பல் வரிசை மட்டுமே ஹைஸ்பீடு எஃகாகவும் முதுகு ஸ்பிரிங் எஃகாகவும் இணைக்கப்பட்டிருக்கும். இதைவிட நம்பகமான சோதனை, சாணைக்கல்லில் தெறிக்கும் தீப்பொறியைப் பார்ப்பது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, மங்கலான வெளிச்சத்தில், வெட்டி மிஞ்சிய துண்டைக் கல்லில் லேசாகத் தொடவையுங்கள். வெள்ளையும் மஞ்சளுமாகப் பொறி சீறி, நுனியில் மத்தாப்புப் பூப்போல வெடித்துக் கிளைத்தால் அது கார்பன் எஃகு. வெடிப்பே இல்லாமல், செம்மஞ்சளாக, மங்கலாக, சொற்பமாகக் கோடிழுத்தால் அது ஹைஸ்பீடு எஃகு. அரத்துண்டு ஒன்றை அடுத்தடுத்துப் பிடித்து ஒப்பிட்டால் ஐயமே எழாது.

முதுகு ஸ்பிரிங் எஃகுதான் என்று தெரிந்தால், 5 அல்லது 8 விழுக்காடு கோபால்ட் கலந்த பிட் ஒன்று போதும். அதை நிமிடத்திற்கு 300 சுற்றுக்கு மேல் ஓட்டாதீர்கள். 6 மி.மீ. பிட்டின் விளிம்பு அந்த வேகத்திலேயே நிமிடத்திற்கு ஐந்தரை மீட்டருக்கு மேல் ஓடுகிறது. வீட்டு மெஷினின் முழு வேகமான 2800 சுற்றில் ஐம்பது மீட்டரைத் தாண்டிவிடும். எந்த எண்ணெயானாலும் சொட்டுச் சொட்டாக விட்டு, சுருள் வெளிவரும் அளவுக்கு அழுத்துங்கள். சுருள் வராமல் பிட் சும்மா உரசினால் உடனே எடுத்துவிடுங்கள்.

முழு அலகும் ஹைஸ்பீடு எஃகு என்றால், கார்பைடு, அதாவது டங்ஸ்டனும் கார்பனும் சேர்ந்த மிகக் கடினமான பொருள், நுனியில் கொண்ட பிட்தான் வழி. கடினத்தைக் குறிக்கும் விக்கர்ஸ் அளவில் உங்கள் அலகு 800ஐ ஒட்டி இருக்கும், கார்பைடு 1500ஐ ஒட்டி இருக்கும். அந்த வேறுபாடுதான் துளையைத் தரும். சுவரில் ஓட்டை போடும் கான்கிரீட் பிட்டிலும் நுனி கார்பைடுதான், ஆனால் அது இடித்து நொறுக்குவதற்காக மழுங்கலாகவே செய்யப்பட்டது. அதைக் கூராக்கச் சாதாரணச் சாணைக்கல் உதவாது, பச்சை நிறச் சிலிக்கான் கார்பைடு கல்லோ வைரத் தகடோ வேண்டும். ஆதலால், ஈட்டி முனை வடிவில் ஏற்கெனவே கூராக வரும் கண்ணாடி அல்லது டைல்ஸ் பிட்டையே ஹார்டுவேர் கடையில் கேட்டு வாங்குங்கள். இரண்டு மி.மீ. தடிமன் உள்ள அலகுக்கு அது தாராளம்.

கார்பைடு கடினமானது, அதே அளவுக்கு நொறுங்கக்கூடியது. கை ஆடினாலே முனை தெறித்துவிடும் என்பதால், டிரில்லை ஸ்டாண்டில் மாட்டி, அலகின் அடியில் வேப்பங்கட்டை ஒன்றைக் கொடுத்து, இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஹேமர் பொத்தான் அணைந்திருக்க வேண்டும். மையப் புள்ளிக்காகப் பஞ்ச் வைத்துச் சுத்தியால் அடிக்கவே கூடாது. இந்த எஃகு சில்லாகத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். மார்க்கர் பேனாவால் குறித்து, பிட்டின் முனையையே மெல்ல வைத்துப் பள்ளம் தொடங்குங்கள். நிமிடத்திற்கு 800 சுற்று அளவில், விட்டு விட்டு அழுத்தாமல் ஒரே சீராக அழுத்த வேண்டும். எண்ணெய் விடுவதானால் தொடக்கம் முதல் இறுதிவரை விடுங்கள், இல்லையேல் விடவே வேண்டாம். சூடான கார்பைடில் திடீரென்று தண்ணீர் பட்டால் வெடித்துப்போகும். முனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, அலகைத் திருப்பிப்போட்டு அந்தச் சிறு துளையிலிருந்தே மீதியை முடியுங்கள். பிட்டுகள் முறிவதில் பெரும்பாலானவை நேரே குத்திக்கொண்டு வெளியேறும் அந்தக் கடைசி நொடியில்தான் முறிகின்றன. கையுறை அணிந்து டிரில் பக்கம் போகாதீர்கள். சுழலும் பிட் துணியைச் சுற்றி விரலையும் இழுத்துவிடும்.

துளைக்குப் பதிலாகக் காடி வெட்டுவதும் உண்டு. 1 மி.மீ. கட்டிங் டிஸ்க்கால் அலகின் அடிப்பகுதி விளிம்பிலிருந்து உள்நோக்கி இரண்டு வெட்டு வெட்டி, இடையில் உள்ளதை எடுத்துவிட்டால் போல்ட் நுழைய இடம் கிடைக்கும். பார்வைக்குத் துளையின் அழகு இல்லை, உறுதியில் குறையும் இல்லை.

இனி சித்தப்பாவின் வழி. பொறி நட்சத்திரமாக வெடித்தால், அதாவது அலகு கார்பன் எஃகாக இருந்தால், அது தங்கமான வழி. சிரட்டைக் கரியில் ஊதி, காந்தம் ஒட்டாத நிலை வரும்வரை காய்ச்சுங்கள்; அது 770 டிகிரியை ஒட்டி வரும். பிறகு ஈரமில்லாத உமிச்சாம்பலில் ஆழப் புதைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலைகளில் கேட்டால் ஒரு சாக்குச் சாம்பலுக்குப் பஞ்சமிராது. வெப்பத்தை இவ்வளவு நன்றாகப் பிடித்துவைக்கும் பொருள் வேறெதுவும் எளிதில் கிடைக்காது. காலையில் சாதாரணப் பிட்டே இறங்கும். துளை போட்டபின் மறுபடி தோய்ச்சல், அதாவது காய்ச்சி முக்கிக் கடினமாக்கும் வேலை, கொடுக்க வேண்டும் என்பதால், அந்த வேலையைக் கொல்லர் உலையில் ஒப்படைப்பதே நல்லது. துளையை முதலில் போட்டுவிட்டுக் கடைசியில் தோய்ச்சல் கொடுப்பது அவர்கள் காலங்காலமாகக் கடைப்பிடிக்கும் வரிசை. அலகு முழுவதையும் இளக்க மனமில்லையென்றால், தலை வெட்டிய ஆணியை டிரில்லில் மாட்டி, துளை வேண்டிய இடத்தில் மட்டும் அழுத்திச் சுழற்றி நீலம் பாயும்வரை சூடேற்றித் தானாக ஆறவிடலாம். அந்த இடம் ஓரளவு இளகும். ஹைஸ்பீடு எஃகில் இதுவும் பலிக்காது.

துளை விழுந்ததும், விளிம்பில் நிற்கும் பிசிறை வைரத் தகட்டால் தேய்த்து எடுத்துவிடுங்கள். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். அலகைப் பலகையோடு ரிவெட் அடித்துப் பொருத்த வேண்டாம். சுத்தி அடி தாங்காமல் அலகு துளையின் குறுக்கே பிளந்துவிடலாம். 5 மி.மீ. போல்ட், இருபுறமும் வாஷர், அலகுக்கும் இரும்புத் தாங்கிக்கும் இடையில் மெல்லிய தோல் துண்டு ஒன்று வைத்து, நட்டை அளவோடு முடுக்குங்கள்.