டாரட் சீட்டு எகிப்திலிருந்து வந்ததா?

கேள்வி: ஓசூரில் டாரட் சீட்டு வைத்துப் பலன் சொல்லும் ஒருவர், அச்சீட்டுகள் பழங்கால எகிப்தியக் கோயில் குருமார்கள் விட்டுச்சென்ற இரகசிய ஞானம் என்கிறார். இது உண்மையா? நம் கிளி ஜோசியமும் அதன் வழி வந்ததுதானா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: உண்மையில்லை. டாரட் 15-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இத்தாலியில் உருவான ஒரு சீட்டாட்டம். நான்கு இனங்களைச் சேர்ந்த 56 சீட்டுகளோடு சூரியன், சந்திரன், மரணம், சக்கரம் போன்ற 22 படச் சீட்டுகளையும் சேர்த்து மொத்தம் 78 சீட்டுகளாக ஆடினார்கள்; அப்படங்களில் பெரும்பாலானவை துருப்புச் சீட்டுகளாகவே பயன்பட்டன. மிலான் நகரை ஆண்ட பிரபுக்களுக்காகப் பொன் தகடு ஒட்டி வரையப்பட்ட சீட்டுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. பிரான்சில் இந்த ஆட்டத்தை இப்போதும் ஆடுகிறார்கள்.

எகிப்துக் கதையைப் பரப்பியவர் கூர் தெ ஜெபலன் என்னும் பிரெஞ்சுப் போதகர். அவர் 1781-இல் அதை எழுதியபோது எகிப்தியச் சித்திர எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவரும் இல்லை. சாம்போலியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதைப் படித்துக் காட்டியது 1822-இல்தான் என்பதால், எகிப்தின் பெயரால் எதைச் சொன்னாலும் மறுக்க ஆளில்லாத காலம் அது. வேடிக்கை என்னவென்றால், சாதாரணச் சீட்டுக்கட்டு ஐரோப்பாவுக்குப் போனதே 14-ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட மம்லுக் சுல்தான்களின் நாட்டு வழியாகத்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் அது விளையாட்டாகப் போனதே தவிர, வேதமாகப் போகவில்லை. ஜெபலனைப் பின்பற்றி எத்தெய்லா என்பவர் குறி சொல்வதற்கென்றே தனிக்கட்டு வெளியிட்டார். இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கட்டுகளுக்கு முன்மாதிரி, 1909-இல் லண்டனில் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் வரைந்த படங்களே. உங்கள் ஓசூர்க்காரரின் கட்டும் அநேகமாக அவற்றை ஒட்டியதாகவே இருக்கும்.

கிளி ஜோசியத்தை டாரட்டோடு இணைக்க ஆதாரம் எதுவும் இல்லை. கிளி ஜோசியத்தில் பலன் கேட்க வந்தவர் சீட்டைத் தொடுவதில்லை. கூண்டிலிருந்து வரும் கிளி ஒரு நெல்மணிக்காக எடுத்துக்கொடுக்கும் தெய்வப் படத்தைக் கொண்டே ஜோசியர் பலன் சொல்லுகிறார். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சந்தைகளில் அவர்கள் அருகிவருவதற்கு, பச்சைக்கிளியைப் பிடிப்பதையும் கூண்டில் வளர்ப்பதையும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்திருப்பது முக்கியக் காரணம். டாரட் தொழிலுக்கு அந்தச் சிக்கல் இல்லை என்பது, அது நகரங்களில் பரவுவதற்கு ஒரு வசதிதான்.