அமெரிக்க இசைக்கலைஞர் குயின்சி ஜோன்ஸைப் பற்றிப் பேசும் ரசிகர்கள் அவரது 'அரேஞ்ச்மென்ட்டை' ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்? மெட்டு அவருடையது இல்லையே?

மெட்டு வேறொருவருடையதாக இருந்தாலும், அது எந்தத் தாளத்தில் நடக்க வேண்டும், எந்தக் கருவி எப்போது நுழைய வேண்டும், எங்கே எல்லோரும் சும்மா இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அரேஞ்சர்தான். 2024 நவம்பர் 3 அன்று, 91 வயதில் மறைந்த ஜோன்ஸ் இதில் பெரிய கை.

'ஃப்ளை மீ டு த மூன்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்ட் ஹோவர்ட் 1954இல் எழுதியபோது அது மூன்று எண்ணிக்கை வால்ட்ஸ், அதாவது ஒன்று-இரண்டு-மூன்று என்று சுழலும் நடன நடை. கொஞ்சம் சோகமான பாட்டு என்றுகூடச் சொல்வேன். 1964இல் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா பாட, கவுன்ட் பேஸியின் ஜாஸ் குழு வாசிக்க, ஜோன்ஸ் அதை நான்கு எண்ணிக்கை ஸ்விங்காக, அதாவது துள்ளலான ஜாஸ் நடையாக மாற்றினார். இன்று நம் காதில் நிற்பது அந்த வடிவம்தான். மெட்டும் வரிகளும் ஹோவர்டுடையவை; அந்த உற்சாக நடை ஜோன்ஸ் கொடுத்தது.

அவர் ட்ரம்பெட் வாசித்தவர், அப்புறம் பாரிஸில் இசை ஆசிரியை நாடியா புலான்ஜேயிடம் படித்தவர். 1982இல் வந்த மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தின் தயாரிப்பாளராகவே பலருக்கு அவரைத் தெரியும். நியாயம்தான். ஆனாலும் பழைய ரசிகர்கள் பித்தளைக் கருவிகளுக்கு அவர் எழுதிய பகுதிகளையே முதலில் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சி. 'ஃப்ளை மீ டு த மூன்' பாட்டின் வால்ட்ஸ், ஸ்விங் வடிவங்கள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.